பழைய லீஃப் காரின் பற்றரியும் மாலை ஆறரை மணியும்

2024 செப்டெம்பர் மாதக் கடைசியில், கொழும்புப் பக்கத்துக் கராஜ் ஒன்றிலிருந்து லொறியில் ஏறி, ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அந்த இரும்புப் பெட்டியின் எடை ஏறத்தாழ 290 கிலோ. 2013ஆம் ஆண்டின் நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்றின் அடிவயிற்றிலிருந்து கழற்றப்பட்ட 24 கிலோவாற்று மணிப் பற்றரி அது. நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதன் பின்னர், ஜப்பானிலிருந்து முன்பே வந்து சேர்ந்திருந்த லீஃப் கார்களைத்தான் எல்லோரும் பற்றரி மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி மாற்றும்போது கழிக்கப்படுகிற பெட்டி, காருக்குத்தான் உதவாதே தவிர, வீட்டில் அசையாமல் இருந்து வேலை செய்வதற்குப் போதுமான உயிர் அதில் இருக்கும் என்பது என் கணக்கு. என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை எழுதாமல் விடுகிறேன். அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது, நான் கொடுத்ததைப் படித்துவிட்டு எவரும் ஏமாறவோ ஏமாற்றவோ வேண்டாம்.

செய்ய நினைத்தது இதுதான். என் கூரையில் ஐந்து கிலோவாற்றுச் சூரியத் தகடுகள் ஏற்கெனவே மின்வலையோடு இணைந்திருக்கின்றன. அவை உச்சி வெயிலில் அனுப்பும் மின்சாரம் வலைக்கு அவ்வளவு அவசரமில்லாத நேரத்தில் போய்ச் சேர்கிறது. இலங்கையில் மின்தேவை உச்சத்துக்குப் போவது பொழுது பட்ட பிறகு. இலங்கை மின்சார சபையின் நேரவாரிக் கட்டண அட்டவணையிலும் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் உச்சநேரம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நான்கு மணி நேரத்தில் சூரியத் தகடு எதுவும் தராது. நீர்மின்சாரம் போதாதபோது எண்ணெய் எரிக்கும் நிலையங்களை ஓட்டித்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே நண்பகல் மின்சாரத்தைப் பற்றரியில் பிடித்துவைத்து, ஆறரை மணியானதும் வீட்டை வலையிலிருந்து விலக்கிவிடுவது என் நோக்கம். வலைக்குள் திருப்பி அனுப்புவதற்கு அனுமதியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வேண்டும். வலையிலிருந்து எடுக்காமல் இருப்பதற்கு எவரிடமும் கேட்கத் தேவையில்லை. உச்சநேரத்தில் ஓர் அலகை அனுப்புவதும் ஓர் அலகை எடுக்காமல் விடுவதும் வலையின் பார்வையில் ஒன்றே.

பெட்டியை வாங்குவதற்கு முன், அது காரில் இருக்கும்போதே லீஃப் ஸ்பை என்ற செயலியையும் புளூடூத் வாசிப்பான் ஒன்றையும் கொண்டு உள்ளே பார்த்தேன். காரின் முகப்பில், பற்றரியின் கொள்ளளவு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் 12 கட்டங்களில் 8 மட்டுமே எஞ்சியிருந்தன. செயலி காட்டிய கொள்ளளவு, புதிதாக இருந்தபோது இருந்ததில் 62 சதவீதம். இதைவிட முக்கியமான ஓர் அளவு இருக்கிறது. 96 கலச் சோடிகளுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும், அதுவும் பற்றரி நிறைந்திருக்கும்போது அல்ல, நன்றாக வடிந்திருக்கும்போது. நிறைந்த நிலையில் என் பெட்டியில் வேறுபாடு 20 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தது; பார்த்தால் எல்லாக் கலங்களும் நல்ல பிள்ளைகள். உரிமையாளரைக் கேட்டு, குளிரூட்டியைப் போட்டு, சூடேற்றியைப் போட்டு, ஊரைச் சுற்றி ஓடவைத்து இறக்கிய பிறகு பார்த்தபோது அது 110 மில்லிவோல்ற்றாக விரிந்தது. சோர்ந்த கலம் தன்னைக் காட்டிக்கொடுப்பது அடிமட்டத்தில்தான். நிறைந்த பற்றரியைக் காட்டி விற்பவரிடம் வாங்குவதென்றால், பொறுமையாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் திரும்பி வாருங்கள்.

இந்தக் காரின் பற்றரி ஏன் இப்படி முதுமை அடைகிறது என்பதற்குக் காரணம் ஒளிந்திருக்கவில்லை. லீஃபின் பெட்டிக்குள் குளிர்திரவக் குழாயும் இல்லை, காற்றூதியும் இல்லை. மூடிய இரும்புப் பெட்டிக்குள் கலங்கள் தமக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். ஜப்பானில் குளிர்காலம் அதைக் காப்பாற்றுகிறது. எங்களுக்குக் குளிர்காலம் கிடையாது. மங்கனீசு ஒக்சைட்டை அடிப்படையாகக் கொண்ட அந்தப் பழைய வகைக் கலத்துக்கு வெப்பம்தான் முதல் எதிரி. இந்த ஒரு செய்தியை மனத்தில் இறுக்கிக்கொண்டால், பின்னால் எங்கே வைப்பது, எவ்வளவு ஏற்றுவது என்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

பெட்டியைப் பிரிப்பதா, முழுதாகவே வைத்துக்கொள்வதா என்று ஒரு மாதம் யோசித்தேன். உலகில் பெரிய அளவில் இதைச் செய்கிறவர்கள் இரண்டு வழியிலும் போயிருக்கிறார்கள். நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து 2010இல் தொடங்கிய ஃபோர் ஆர் எனர்ஜி நிறுவனம், ஃபுக்குஷிமா மாகாணத்தின் நமியேயில் 2018இல் ஆலை திறந்து, பழைய லீஃப் பெட்டிகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் மொடியூல்களை (சில கலங்களைச் சேர்த்துக் கட்டிய சிறு பெட்டிகளை) தரம் பிரித்து மறுபடி கட்டுகிறது. அதே 2018இல் ஆம்ஸ்டர்டாமின் யோஹான் கிரைஃப் உதைபந்தாட்ட அரங்கில் 148 லீஃப் பற்றரிகளுக்குச் சமமான மின்கலங்களைக் கொண்டு 3 மெகாவாற்றுச் சேமிப்பகம் அமைத்தார்கள். அதில் புதியவையும் பழையவையும் கலந்திருந்தன. கலிபோர்னியாவின் லங்காஸ்டரிலோ பெட்டிகளைத் திறக்காமலேயே, அவற்றின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பலகைகளோடு பேசி, வரிசையாக அடுக்கி மின்வலைக்கு விற்கிறார்கள். முழுதாக வைப்பதுதான் உழைப்புக் குறைந்த வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் முழுப் பெட்டி 360 வோல்ற் நேர்மின்சாரம்; நிறைந்திருந்தால் 400ஐத் தொடும். அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இன்வேட்டரும், காரின் தரவுமொழியில் பேசும் இடைக்கருவியும் வேண்டும். என்னிடம் இருந்ததோ 48 வோல்ற் இன்வேட்டர். பிரிக்கத் தீர்மானித்தேன்.

பிரித்த நாளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். இந்தப் பதிவில் ஆளைக் கொல்லக்கூடிய பகுதி அது ஒன்றுதான். லீஃபின் பின்னிருக்கைக்கு முன்னே, தரைவிரிப்புக்கு அடியில் ஒரு செம்மஞ்சள் நிறச் செருகி இருக்கும். அதைக் கழற்றினால் மின்சாரம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெளியே வரும் முனைகளில்தான் நிற்கிறது. உள்ளே பெட்டி இரண்டாகப் பிரிகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பாதியிலும் 180 வோல்ற்றுக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வீட்டு மின்சாரத்தைப் போலவே இதுவும் ஆளைக் கொல்லும். ஆயிரம் வோல்ற் தாங்கும் இறப்பர்க் கையுறை, அதன்மேல் தோற்கையுறை, கண்ணாடி, கைப்பிடிவரை காப்பு நாடா சுற்றிய ஸ்பனர்கள் ஆகியவற்றோடு, என் தங்கையின் மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவனுக்கு ஒரே ஒரு வேலை: நான் விழுந்தால் உலர்ந்த பூவரசங் கம்பால் என்னைத் தள்ளிவிடுவது. மூடியைத் தூக்கி முதல் செப்புப் பட்டையைக் கழற்றப் போனபோது, "மாமா, இடக்கையைப் பின்னால கட்டிக்கொள்ளுங்கோ" என்றான். எங்கேயோ பழைய மின்பணியாளர் ஒருவரிடம் கேட்டிருக்கிறான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் உலோகத்தைத் தொடாவிட்டால், மின்சாரம் நெஞ்சுக்குக் குறுக்கே ஓட வழியில்லை. அன்று முழுவதும் அப்படியே ஒரு கையால் வேலை செய்தேன்.

மூடியின் விளிம்பில் பசை வைத்து அடைத்திருப்பார்கள்; அதை வெட்டத் தகட்டுக் கத்தியை உள்ளே அதிகம் நுழைக்கக் கூடாது. உள்ளே 48 மொடியூல்கள் இருக்கின்றன. காரின் பின்பக்கத்தில் 24 செங்குத்தாக ஒரே அடுக்கில் நிற்கின்றன. முன்பக்கத்தில் இருபுறமும் 12 வீதம் கிடையாகக் கிடக்கின்றன. பெரிய அடுக்கின் பட்டைகளை முதலில் நான்கு இடங்களிலும், பிறகு முன்பக்கத்தவற்றை அதேபோலவும் கழற்றி, எந்தத் துண்டிலும் 50 வோல்ற்றுக்கு மேல் இல்லாதபடி உடைத்த பிறகுதான் நிமிர்ந்து தேநீர் குடித்தேன். அதன் பின்னர் அது சாதாரணக் கராஜ் வேலை.

ஒரு மொடியூல் என்பது 3.8 கிலோ எடையுள்ள, ஒரு பெரிய அப்பியாசக் கொப்பியளவான அலுமினியப் பெட்டி. உள்ளே நான்கு பைக் கலங்கள் இருக்கின்றன. இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் (சமாந்தரமாக) சேர்த்து, அந்த இரு சோடிகளையும் தொடரில் கோர்த்திருக்கிறார்கள். ஆகவே மூன்று முனைகள்: நேர், எதிர், நடு. சராசரி மின்னழுத்தம் 7.6 வோல்ற், புதிதாக இருந்தபோது கொள்ளளவு ஏறத்தாழ 65 அம்பியர் மணி. ஏழு மொடியூலைத் தொடரில் வைத்தால் 14 கலங்கள் தொடரில் வந்து 53 வோல்ற் கிடைக்கிறது. 48 வோல்ற் இன்வேட்டருக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி. 48இல் 42ஐ எடுத்து ஆறு ஏழாக அடுக்கலாம், ஆறு மொடியூல் மிச்சம்.

எந்த ஆறைக் கழிப்பது என்று தெரிய வேண்டுமானால் 48ஐயும் அளக்க வேண்டும். ஒவ்வொன்றையும் 8.2 வோல்ற் வரை ஏற்றி, ஓர் இரவு ஆறவிட்டு, 10 அம்பியர் நிலையான சுமையில் 6 வோல்ற் வரை இறக்கி, எத்தனை அம்பியர் மணி வெளியே வந்தது என்று எண்ண வேண்டும். ஒன்றுக்கு நான்கு மணி நேரம். இரண்டு மின்சுமைக் கருவிகளோடு, வேலை நாட்களில் காலையும் இரவுமாக, பதினைந்து நாட்கள் பிடித்தன. இந்தப் பகுதியைக் குறுக்கிக்கொண்டு, வெறும் மின்னழுத்தத்தைப் பார்த்துத் தரம் பிரித்தவர்களின் பற்றரிகள் மூன்றே மாதத்தில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன். என் அட்டவணையில் மிகக் குறைந்தது 31.8 அம்பியர் மணி, மிகக் கூடியது 45.1. பின்னிருக்கைக்கு அடியில் நெருக்கி நின்ற 24இல் நடுவே இருந்தவைதான் பெரும்பாலும் அடியில் கிடந்தன. ஓரத்தில் இருந்தவையும் முன்பக்கத்தவையும் தெம்பாக இருந்தன. நெரிசலில் நடுவில் நின்றவனுக்குத்தான் மூச்சு முட்டும். கடைசி ஆறைத் தள்ளிவைத்த பிறகு, மீதியின் சராசரி 41 அம்பியர் மணி.

முதலில் ஆறு ஆறு மொடியூல்களைப் பக்கத்தில் கட்டி, அந்த ஏழு கட்டுகளையும் தொடரில் கோர்த்து, ஒரே ஒரு பி.எம்.எஸ் பலகையோடு (கலங்களின் மின்னழுத்தத்தைக் கண்காணித்துக் காக்கும் கட்டுப்பாட்டுப் பலகை) முடிக்கத்தான் திட்டமிட்டிருந்தேன். காகிதத்தில் அது மிக அழகானது. பிறகு ஒரு கேள்வி உறுத்தியது: ஒரு மொடியூலுக்குள் ஒரு கலம் குறுக்கே இணைந்துபோனால் என்ன நடக்கும்? அதன் மின்னழுத்தம் பாதியாக விழும். பக்கத்தில் கட்டப்பட்ட ஐந்தும் தம்மிடம் உள்ளதையெல்லாம் அதற்குள் கொட்டும். இடையில் பியூஸ் இல்லை, பி.எம்.எஸ்ஸால் அதைத் தடுக்கவும் முடியாது. 42 மொடியூலுக்கும் தனித்தனிப் பியூஸ் வைப்பதும் நடக்கிற காரியமல்ல. ஆகவே திட்டத்தை மாற்றி, மூன்று தனிப் பெட்டிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் 14 மொடியூல். இரண்டிரண்டு பக்கத்தில், ஏழு சோடி தொடரில். ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்த பி.எம்.எஸ், சொந்தப் பியூஸ், சொந்தப் பிரேக்கர். ஏதாவது ஒரு கலம் கெட்டாலும் அதற்குள் கொட்டக்கூடியது ஒரே ஒரு பக்கத்து மொடியூல்தான். பெட்டி ஒன்றின் எடை 55 கிலோவுக்குள் அடங்குவதால் இரண்டு பேர் தூக்கலாம். ஒன்றைக் கழற்றிப் பழுது பார்க்கும்போது மற்ற இரண்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். செலவு கூடியது உண்மை. ஒரு மாதம் கழித்து அந்தச் செலவுக்கு நானே நன்றி சொன்னேன், அது கீழே வருகிறது.

சோடி சேர்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வண்டிக்கு மாடு பார்க்கிறவர்கள் ஒத்த இரண்டு மாடுகளைத் தேடுவார்கள். இங்கே நேர்மாறு: மிகத் தெம்பானதோடு மிகச் சோர்ந்ததைக் கட்ட வேண்டும், அப்போதுதான் ஏழு சோடிகளின் கூட்டுத்தொகையும் ஒன்றுபோல வரும். தொடரில் நிற்கும் சோடிகளில் எது சிறியதோ அதுவே முழுப் பெட்டியின் அளவு. அட்டவணையை மேலிருந்தும் கீழிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து, பிறகு சிலவற்றை இடம் மாற்றிப் பார்த்து, 21 சோடிகளையும் 81.4க்கும் 82.7க்கும் இடையில் கொண்டுவந்தேன்.

மொடியூல்களை வெறுமனே அடுக்கக் கூடாது. உள்ளே இருப்பவை பைக் கலங்கள். அழுத்திப் பிடிக்காவிட்டால் ஊதும், ஊதினால் ஆயுள் போய்விடும். காரில் இருந்த கனத்த முனைத்தகடுகளையும் நீண்ட திருகுகம்பிகளையும் அளவுக்கு வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கினேன். இணைப்புகளுக்கு 25 மில்லிமீற்றர் அகலமும் 3 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள செப்புப் பட்டைகளை வெட்டித் துளையிட்டு, ஈயம் பூசிக்கொண்டேன். எங்கள் உப்புக் காற்றில் வெறுஞ்செம்பு ஒரு மாரிகாலத்தில் பச்சை பிடித்துவிடும்.

பி.எம்.எஸ்ஸின் உணர்கம்பிகளைப் பொருத்தும் இடத்தில்தான் முதலாவது அடி வாங்கினேன். 14 கலத்துக்கு 15 மெல்லிய கம்பிகள். ஒவ்வொரு மொடியூலின் நடுமுனையிலிருந்தும் ஒன்று வர வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, இன்னும் இரண்டுதானே என்ற நினைப்பில், ஆறாவதையும் ஏழாவதையும் மாற்றிப் போட்டுவிட்டு, அளந்து பார்க்காமல் செருகியைப் பலகையில் குத்தினேன். மெல்லியதொரு சத்தம், கருகிய நாற்றம், பலகை முடிந்தது. தவறு முழுக்க என்னுடையது. இப்போது என் வழக்கம் இது: செருகியைப் பலகையில் குத்துவதற்கு முன், அதன் 15 ஊசிகளையும் எதிர்முனையிலிருந்து வரிசையாக அளப்பேன், ஒவ்வொரு படியிலும் ஒரு கலத்தின் மின்னழுத்தம், ஏறத்தாழ 3.8 வோல்ற், கூடிக்கொண்டே போக வேண்டும். எங்கேயாவது படி இறங்கினால் அங்கே பிழை. இரண்டு நிமிட வேலை.

மூன்று பெட்டிகளையும் ஒரே பட்டையில் சேர்க்கும்போது அவற்றின் மின்னழுத்தம் 0.1 வோல்ற்றுக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடியது குறைந்ததுக்குள் பாயும்; இந்தக் கலங்களின் உட்தடை மிகச் சிறியது, ஒரு வோல்ற் வேறுபாட்டுக்கே பெரிய மின்னோட்டம் பாயும். முதல் முறை இணைக்கும்போது, இடையில் கார் முன்விளக்குக் குமிழ் ஒன்றைத் தொடுத்தேன். அது மங்கலாக எரிந்து, மெல்லச் சிவந்து, அணைந்த பிறகு பிரேக்கரைப் போட்டேன். எளிமையான உபாயம், கண்ணாலேயே பார்க்கலாம்.

பெட்டிகளை வைத்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. இந்த வகைக் கலம் எரியத் தொடங்கினால், எரிவதற்கான ஒட்சிசனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். போர்வை போட்டு அணைக்க முடியாது. முதலில் கிணற்றடிப் பக்கம் இருந்த தகரக் கொட்டிலில் வைத்தேன். ஒரு பின்னேரத்தில் உள்ளே 41 பாகை காட்டியது. எந்த வெப்பம் அந்தக் காரில் இந்தப் பற்றரியைச் சாகடித்ததோ, அதே வெப்பத்துக்குள் அதை மறுபடி கொண்டுவந்து வைத்திருக்கிறேன் என்று அன்று உறைத்தது. வளவின் வடக்கு மூலையில், மாமர நிழலில், சீமெந்துக் கல்லால் ஆறடிக்கு ஆறடி அறையொன்று கட்டி, ஓடு போட்டு, அதன்மேல் கிடுகு வேய்ந்தேன். மேலும் கீழும் காற்றுத் துளைகள் வைத்தேன். கிடுகு எரியும் பொருள் என்று என் மருமகன் ஆட்சேபித்தான். நியாயம்தான், ஆகவே அது ஓட்டிலிருந்து ஓர் அடி உயரத்தில் தனிக் கப்புகளில் நிற்கிறது, நிழல் தருவதற்கு மட்டும். சித்திரை வெயிலிலும் உள்ளே 34ஐத் தாண்டவில்லை.

இன்வேட்டரின் அமைப்பில், பற்றரி வகை என்ற இடத்தில் எதையும் தெரிவு செய்யாமல் எண்களை நானே கொடுத்தேன். ஏற்றம் 57.0 வோல்ற்றில் நிற்கும், அதாவது கலத்துக்கு 4.07. இறக்கம் 49.7இல் நிற்கும், கலத்துக்கு 3.55. இரண்டு முனையிலும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் 13 கிலோவாற்று மணியில் ஏறத்தாழ 9தான் எனக்குக் கிடைக்கிறது. அந்த நாலையும் பறிகொடுத்ததாக நான் நினைக்கவில்லை. உச்சியில் நிறுத்திவைப்பதும் அடிவரை உறிஞ்சுவதும்தான் இந்தக் கலங்களை வேகமாகத் தேய்க்கின்றன. காலை 10 மணிமுதல் 2.30வரை 30 அம்பியரில் ஏற்றம், மாலை 6.30க்கு வீடு பற்றரிக்கு மாறுகிறது, 10.30க்குத் திரும்ப வலைக்கு.

ஓடத் தொடங்கி மூன்றாவது வாரத்தில், வெப்பமானியோடு இணைப்புகளைச் சுற்றிப் பார்த்தபோது, இரண்டாவது பெட்டியின் ஓர் இணைப்பு 58 பாகையில் இருந்தது, பக்கத்தவை 36. கழற்றிப் பார்த்தால், வில்வாஷரைச் செப்புப் பட்டைக்கும் மொடியூல் முனைக்கும் நடுவே போட்டிருக்கிறேன். உருக்கு வாஷரின் ஒடுங்கிய விளிம்பு வழியாக மின்சாரம் முழுவதும் ஓடியிருக்கிறது. வாஷர் எப்போதும் போல்ற்றின் தலைக்கு அடியில், பட்டைக்கு மேலே வர வேண்டும். செம்பும் முனையும் நேருக்கு நேர் தொட வேண்டும். அந்தப் பெட்டியை மட்டும் பிரேக்கரில் நிறுத்தி, கழற்றி, தேய்த்து, திருத்தி மாட்டியபோது வீட்டில் விசிறிகூட நிற்கவில்லை. மூன்றாகப் பிரித்ததற்கு நன்றி சொன்னேன் என்றது இந்த நாளைத்தான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதில் ஆரம்பித்த கோளாறு என்று செய்தி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கோளாறு நாடளாவப் பரவியதற்குக் குரங்கு மட்டும் காரணமல்ல. ஞாயிறு, தேவை குறைவு, நல்ல வெயில், கூரைகளிலிருந்து நிறையச் சூரிய மின்சாரம். அதனால் சுழன்றுகொண்டிருந்த கனத்த இயந்திரங்கள் குறைவு. சுழலும் இரும்பின் நிறைதான் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது. அது குறைந்திருந்த நேரத்தில் அதிர்வெண் சரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விலகின. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த இரண்டு நாட்களும் சுழற்சிமுறையில் மின்வெட்டு வந்தது. பற்றரிச் சேமிப்பகங்கள் வலைக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது: ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அவற்றால் மின்சாரத்தைக் கொட்டி அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்க முடியும். அதற்கு வலையோடு பேசத் தெரிந்த இன்வேட்டர் வேண்டும், என்னுடையது பேசாது.

அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாடம் வேறு. உச்சி வெயிலில் கூரையில் ஐந்து கிலோவாற்றுத் தகடுகள் காய்ந்துகொண்டிருக்க, அவற்றின் இன்வேட்டர் வலை இல்லாததால் ஒழுங்குப்படி தன்னை நிறுத்திக்கொண்டது. பற்றரி முதல் நாள் மாலை இறங்கியதிலிருந்து பாதிகூட ஏறியிருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி, இரண்டு விசிறி, விளக்குகள் என்று சிக்கனமாக ஓட்டி இரவு வரை வந்து சேர்ந்தோம். தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு, ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த ஊர் இது. ஓர் இரவுக்கு எவரும் கலங்கவில்லை. ஆனாலும் வெயில் இருக்கப் பயன்படுத்த முடியாமல் போனது எனக்குப் பொறுக்கவில்லை. மார்ச் மாதத்தில் புதிதாக ஆறு தகடுகளை வாங்கி, வலையோடு தொடர்பில்லாமல் நேரே பற்றரி இன்வேட்டரோடு இணைத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

அதன் பயன் அடுத்த மாதமே தெரிந்தது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்க, தேவை மிகக் கீழே விழும் என்பதால், ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் 3 மணிவரை கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. நான் ஐந்து கிலோவாற்றையும் அணைத்தேன். ஆறு தகடுகளும் பற்றரியை ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குள் நிரப்பின. மாலையில் வீடு வழக்கம்போல வலையை விட்டு விலகியது. கூரைக்கு மேலே மின்சாரம் வேண்டாம் என்று சொல்லப்படும் பகலும், எண்ணெய் எரித்து மின்சாரம் உண்டாக்கும் இரவும் ஒரே நாளில் ஏழு மணி நேர இடைவெளியில் இருக்கின்றன. கழித்துப்போட்ட கார்ப் பற்றரிக்கு அந்த ஏழு மணி நேரத்தைக் கடக்கிற தெம்பு போதும்.

பணக் கணக்கையும் மறைக்காமல் எழுதுகிறேன். பற்றரிக்குள் 7.4 அலகு போனால் வீட்டுக்கு 6.2 வருகிறது; 16 சதவீதம் வழியில் வெப்பமாகிறது. இன்வேட்டர் சும்மா இருப்பதற்கே 60 வாற்று எடுக்கிறது, நாளைக்கு 1.4 அலகு. இதை வாங்கும்போது எவரும் சொல்வதில்லை, விளம்பரத் தாளின் கடைசி வரியில் இருக்கும். நான் இருக்கும் கணக்கு முறையில் மாதக் கடைசியில் போன அலகையும் வந்த அலகையும் கழிக்கிறார்கள். எந்த மணிக்குப் போனது, எந்த மணிக்கு வந்தது என்பது அந்தக் கழித்தலில் தெரியாது. ஆகவே பட்டியலைப் பொறுத்தவரை நான் நாளொன்றுக்கு இரண்டு அலகுக்கு மேல் இழக்கிறேன். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் கணக்கு வேறாகும். அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலைக்குக் கிடைப்பது மாலையில் என் வீடு எடுக்காத ஒன்றரைக் கிலோவாற்று. ஆயிரம் வீடுகள் இப்படிச் செய்தால் ஒன்றரை மெகாவாற்று; உச்சத்தில் 2,500 மெகாவாற்றைத் தாண்டும் நாட்டுக்கு அது சிறு துளி என்பதை நானும் அறிவேன்.

2025 ஓகஸ்டில் மூன்று பெட்டிகளையும் மறுபடி அளந்தேன். முதலாவதும் இரண்டாவதும் ஏறத்தாழ இரண்டு சதவீதம் இழந்திருக்கின்றன; இது நான் பயந்ததைவிடக் குறைவு. மூன்றாவதில் ஐந்தாவது சோடி, இறக்கத்தின் கடைசியில் மற்றவற்றைவிட 38 மில்லிவோல்ற் கீழே நிற்கிறது. மே மாதத்தில் அது 22ஆக இருந்தது. அந்தச் சோடியில் இருப்பது 17ஆம் இலக்க மொடியூல், பின்னிருக்கை அடுக்கின் நடுவிலிருந்து வந்தது. அதைக் கழிக்காமல் சேர்த்தபோதே எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. தள்ளிவைத்த ஆறில் மூன்று 35 அம்பியர் மணிக்கு மேல் அளந்தவை, அவை அரை ஏற்றத்தில் அலுமாரிக்குள் இருக்கின்றன. மாரி தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பெட்டியின் பிரேக்கரை இறக்கி, 17ஐ வெளியே எடுத்து, அவற்றில் ஒன்றைப் போடப் போகிறேன். இம்முறை உணர்கம்பிகளைப் பகலில்தான் தொடுவேன்.